பணகுடி டு நியூயார்க்: துபாயிலிருந்து போகும்போது 14 மணி நேரம், வரும்போது 12½

தங்கச்சிக்குப் பேறுகாலம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போக வேண்டும் என்று முடிவானதுமே அம்மா கேட்ட ஒரே கேள்வி, "எத்தன மணி நேரம்ல உக்காந்தே இருக்கணும்?" என்பதுதான். 68 வயது, இரண்டு முட்டியிலும் வலி. பதிலைச் சரியாகச் சொல்லியாக வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன்.

நெல்லை மாவட்டத்துப் பணகுடியில் இருக்கும் எங்களுக்கு வசதி திருவனந்தபுரம் விமான நிலையம்தான். அங்கிருந்து துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். துபாயிலிருந்து நியூயார்க் ஏறக்குறைய 11,000 கிலோமீட்டர். "என்னத்துக்குச் சுத்திட்டுப் போவணும்?" என்று அம்மாவுக்குக் குறை. ஆனால் அது சுற்றே இல்லை. உலக உருண்டையில் திருவனந்தபுரத்துக்கும் நியூயார்க்குக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் சுமார் 13,800 கிலோமீட்டர் வரும், துபாயில் இறங்கி ஏறினால் கூடுவது 200 கிலோமீட்டருக்குள்தான்.

எனக்குப் புரியாதது வேறு. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும், 11,000-ஐ வகுத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட்டிலோ போக 14, திரும்பி வர 12½. ஒரே தூரம், ஒன்றரை மணி நேரம் வித்தியாசம்! காரணம் காற்று. விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் வட பாதியில், மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறு மாதிரி காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே காரில் போனபோது, ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் காற்றாலைகள் வந்தன. ஆனி மாதம், அத்தனையும் சுற்றிக்கொண்டிருந்தன. சொல்ல ஆரம்பித்ததுமே அம்மா மறித்தாள். "ஒங்கப்பா ஆரல்வாய்மொழிக்கு சைக்கிள்ல போவும்போது எறங்கி உருட்டிட்டுத்தான் போவா. திரும்புகையில மிதிக்கவே வேண்டாம், காத்தே தள்ளிட்டு வந்துரும்." அவ்வளவுதான் விஷயம். கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்றில் வளர்ந்தவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டிலிருந்து இரவு 9 மணிக்குக் கிளம்பினோம். கார், காத்திருப்பு, இரண்டு விமானம், நடுவில் துபாயில் மூன்று மணி நேரம், குடியேற்ற வரிசை எல்லாம் சேர்த்துத் தங்கச்சி வீட்டு வாசலில் நிற்கும்போது 31 மணி நேரம் ஆகியிருந்தது. அங்கே மாலை 6.30, நம் ஊரில் அடுத்த நாள் அதிகாலை 4. ஆகவே பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் வானத்தில் இருக்கும் 18 மணி நேரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். ஓரத்து இருக்கை வாங்கிக் கொடுங்கள். அதிக நேரம் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், தூங்காத நேரத்தில் மணிக்கொரு தடவையாவது எழுப்பி நடக்க வையுங்கள். நான் முதல் ஆறு மணி நேரம் அம்மா தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன், நியூயார்க்கில் இறங்கும்போது கால் வீங்கி சக்கர நாற்காலி கேட்க வேண்டியதாகிவிட்டது.

ஐப்பசியில் திரும்பினோம். அட்லாண்டிக் மேலே முன்னிருக்கைத் திரையில் வேகம் ஆயிரத்தைத் தாண்டியதைக் காட்டினேன். "காத்து தள்ளுது" என்றாள். இந்தத் தடவை நான் எழுப்பவேயில்லை, அவளாகவே எழுந்து எழுந்து நடந்தாள். திருவனந்தபுரத்தில் சக்கர நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.