டன்மோர் அன்னாசி: இலை ஒருவழியாக நின்றது

அன்னாசிக்கு இலை முளைத்துவிட்டது, அதுவும் தொங்காமல்! ஸ்காட்லாந்தில் ஏர்த் ஊருக்குப் பக்கத்தில் டன்மோர் பிரபுவின் பழைய மதில் தோட்டத்தில், வடக்கு மதில் நடுவே சுமார் 14 மீட்டர் உயரத்துக்குக் கல் அன்னாசி ஒன்று ஒரு தோட்டக் கட்டடத்தின் உச்சியாக நிற்கிறதே, அதைத்தான் 1:72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, சின்ன மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். பழம் மட்டும் 19 செ.மீ. சொச்சம் வருகிறது.

உடம்பு சுலபம். பிராணனை வாங்கியது இலைதான். எபாக்ஸி புட்டியை (இரண்டு பாகத்தைச் சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகும் களிமண் மாதிரிப் பொருள்) பிசைந்த சூட்டோடு வெட்டினால் பிளேடோடு இழுத்துக்கொண்டு வருகிறது, இறுகவிட்டு வளைத்தால் நடுவில் விரிசல். நகத்தால் அழுத்தினால் தடம் விழவேண்டும், ஆனால் ஒட்டக்கூடாது; அந்தப் பதத்தில் ஓரத்துப் பற்களை வெட்டி, பவுடர் தடவிய பேனா மேல் கவிழ்த்து ராத்திரி முழுக்க விட்டால் வளைவு அப்படியே நிற்கிறது. உப்புத்தாள் கிட்டேயே போகாதீர்கள், பல்லெல்லாம் மழுங்கிவிடும்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், நிஜக் கட்டடத்தின் சாமர்த்தியமே அங்கேதான். தண்ணீர் தேங்கி உறைந்தால் கல் வெடிக்கும் என்று ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியாக வடிகால் வைத்திருக்கிறார்கள். நானும் சொட்டு மருந்துக் குழாயால் உச்சியில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், கீழ் வரிசை இலை இரண்டில் மட்டும் நின்றது, மற்றதெல்லாம் சுத்தமாக வழிந்துவிட்டது. அந்த இரண்டையும் பெயர்த்துச் சாய்த்து ஒட்டியாயிற்று.

பழத்தைக் கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறேன். ஏனென்றால், வாசல் வளைவின் உச்சிக்கல்லில் 1761 என்று இருந்தாலும் அது கீழ்த்தளத்தின் வயது. நான்காம் டன்மோர் பிரபு அமெரிக்காவில் வர்ஜீனியா ஆளுநர் பதவி போய் 1777இல் திரும்பிய பிறகுதான் பழம் ஏறியிருக்கும் என்பார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, மேலே உள்ளது வேறு ஆளின் கைவேலை மாதிரியே இருக்கிறது.

இலைக்கு வண்ணம் இன்னும் அடிக்கவில்லை, அதற்குள் மனசு மதிலுக்குத் தாவிவிட்டது. உள்ளே பொள்ளலான இரட்டைச் சுவர், தோட்டத்துச் செடிகளுக்காக அடுப்புச் சூடு அதற்குள் ஓடும், புகை மேலே கல் ஜாடிக்குள் ஒளித்த புகைபோக்கி வழியே போகும். ஒரு பக்கம் வெட்டித் திறந்து காட்டி, அடுப்பில் சிவப்பு எல்.இ.டி. வைக்கப் போகிறேன். இருபுறமும் இருந்த கண்ணாடிக் கொட்டகைகள் இன்று இல்லை, அதனால் நானும் கட்டவில்லை. ஆன்லைனில் வாங்கிய நுரை அட்டை ஓரமெல்லாம் நசுங்கி வந்தது, திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம். போகட்டும், மதிலுக்குப் பால்சா மரமே போதும். ஜாடிக்குப் பாசிமணிக் கடையில் தோதான மரமணி பார்த்து வைத்திருக்கிறேன், ஓட்டை மட்டும் கொஞ்சம் பெரிசு.