புதுப் பிளேட் போட்டும் ஏன் கிளச் சிலிப்பானது?

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எண்டு சொல்ல ஒரு றோட்டுக் கிடையாது. அதனால் எஞ்சினின் சுற்றைக் கியர்பொக்சுக்குக் கடத்துகிற கிளச் பிடிப்பு விட்டு வழுக்க, அதாவது சிலிப்பாகத் தொடங்கினால் கனநாளைக்கு ஆளுக்குத் தெரியாது. எனக்கு அதைக் காட்டித் தந்தது தென்மேற்கில் இருந்து அடிக்கிற சோளகக் காற்று.

போன ஆடி மாதம். கோட்டையைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தால் அல்லைப்பிட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மேல்கூரையை மடித்துவிட்ட சின்னக் கார், முகத்துக்கு நேரே காற்று. நாலாம் கியரில் அக்சிலேற்றரை இன்னும் கொஞ்சம் அமத்தினேன். எஞ்சின் இரைந்தது. சுற்றுக் காட்டுகிற முள் 2,500இல் இருந்து 3,200க்கு எழும்பியது. வேகம் காட்டுகிற முள் 40 மைலை விட்டு அசையவில்லை. இந்தக் காரில் 2,500 சுற்றுக்கு ஏறக்குறைய 40 மைல்தான் கணக்கு. மிச்சச் சுற்றெல்லாம் கிளச்சுக்குள்ளேயே சூடாகக் கரைகிறது. அல்லைப்பிட்டி வந்து சேர முன்னமே அந்தக் கருகல் மணம் வந்துவிட்டது.

கார் 1970ஆம் ஆண்டு எம்ஜி மிட்ஜெட், 1,275 சிசி. பெரியப்பா கொழும்பில் ஆசையாக வைத்திருந்து எனக்குத் தந்தது. எனக்கு நெஞ்சு பதறினதுக்குக் காரணம் வேறு. ஐந்து மாதத்துக்கு முன்தான் ஒரு கராஜில் எஞ்சினை இறக்கி, கிளச்சுக்குள் உராய்ந்து பிடிக்கிற தட்டான பிளேட்டைப் புதுசாகப் போட்டிருந்தோம். “பிளேட் முடிஞ்சுது” எண்டார்கள், நம்பினேன். கழட்டின பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. இண்டைக்கும் அதை நினைத்தால் மனம் ஆறாது.

இந்த முறை கொக்குவிலில் ஒரு அண்ணையிடம் கொண்டு போனேன். எழுபது வயது தாண்டியவர். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மொறிஸ் மைனர்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த கை. மொறிஸ் மைனரின் பிந்திய எஞ்சினும் மிட்ஜெட்டின் இந்த எஞ்சினும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பம் என்பதால் அவருக்கு இது புதுசில்லை. கிளச் மட்டும் வேறு. மைனரில் கம்பியைத் திருகி அளவு வைக்கலாம். இதில் பிறேக் ஒயிலின் அமுக்கத்தில் வேலை செய்கிற கிளச், திருகி வைக்க ஒன்றும் இல்லை.

நான் நேரே “எஞ்சினை இறக்குவமோ?” எண்டு கேட்டேன்.

“பொறுங்கோ தம்பி. இறக்கிறது பெரிய வேலையில்லை. ஏன் இறக்கிறம் எண்டு முதல்ல தெரியவேணும்.”

முதலில் பெடலைக் கையால் அமத்திப் பார்த்தார். மேலே கொஞ்ச இடம் வெறுமையாக ஆடவேண்டும். ஆடியது. ஆடாவிட்டால், பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒயில் திரும்பிப் போகிற சின்னத் துளை அடைபட்டு, கிளச் எந்நேரமும் அரைகுறையாக அமத்தப்பட்டபடியே இருக்குமாம். அடுத்தது றபர் ஹோஸ். பழைய ஹோஸ் உள்ளுக்குள் வீங்கினால் போன ஒயில் திரும்பி வராது. காரை ஓட்டிச் சிலிப்பாக்கிக்கொண்டு வந்த சூட்டோடு, கிளச்சைத் தள்ளுகிற கீழ்ச் சிலிண்டரில் காற்று எடுக்கிற நிப்பிளைத் திறக்கச் சொன்னார். அமுக்கம் அடைபட்டிருந்தால் ஒயில் பீச்சி அடிக்கும். எனக்குச் சொட்டாகத்தான் வந்தது. ஆக, பெடல் பக்கம் பிழையில்லை. அரை மணித்தியால வேலை, ஒரு சதமும் செலவில்லை. முந்தின கராஜில் இதில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு அவர் காருக்குக் கீழே படுத்தார். கிளச் கூட்டின் அடியில் ஒரு துளை, அதில் ஒரு ஸ்பிளிட் பின் ஆடிக்கொண்டு தொங்கும். துளை அடைபடாமல் இருக்கத்தான் அந்தப் பின். அதன் நுனியில் கறுப்பாக ஒரு துளி நின்றது. விரலில் தொட்டுத் தண்ணீரில் கழுவினார். போகவில்லை. பிறேக் ஒயில் எண்டால் கழுவுப்பட்டுப் போயிருக்கும். இந்தக் காருக்குக் கியர்பொக்சுக்கும் எஞ்சின் ஒயில்தான் ஊற்றுவது, அதனால் மணத்தை வைத்துப் பிரிக்க ஏலாது. நிறத்தை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். கியர்பொக்ஸ் ஒயில் தேன் மாதிரி இருந்தது. துளியோ கரி.

“எஞ்சின் ஒயில் பின்பக்கத்தால வருது. உந்த எஞ்சினுக்குப் பின்னுக்கு றபர் சீலே இல்லைத் தம்பி.”

எனக்கு இது புதுசு. எஞ்சினின் சுற்றுத்தண்டான கிராங்கின் பின்முனையில் திருகாணி மாதிரிப் புரி வெட்டியிருக்கிறதாம். சுற்றும்போது அந்தப் புரியே ஒயிலை உள்ளே திருப்பி விடும். எஞ்சினுக்குள் அமுக்கம் கூடினால் புரியாலும் தடுக்க ஏலாது, ஒயில் வெளியே தள்ளுப்பட்டுக் கிளச்சில் போய் விழும். அப்படியெண்டால் அமுக்கம் ஏன் கூடியது?

எஞ்சினை ஸ்லோவில் விட்டு, ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழட்டி, வாயில் ஒரு பொலித்தீன் துண்டை வைத்தார். நல்ல எஞ்சின் அதை மெல்ல உள்ளே இழுக்கவேண்டும். ஏனெண்டால் உள்ளுக்குள் உண்டாகிற புகையை, பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேற்றர் உறிஞ்சி எடுக்கிற மாதிரித்தான் செய்திருக்கிறார்கள். எங்கள் பொலித்தீன் அப்பம் மாதிரிப் பொங்கி எழும்பியது.

எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, அதற்குள் கம்பி வலை, அதிலிருந்து காபரேற்றருக்குக் குழாய். கழட்டினால் வலையே தெரியவில்லை, புளிக்கரைசலின் அடிமண்டி மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது. நான் கந்தோருக்கும் கடைக்குமாகக் கிட்டக் கிட்ட ஓடுகிறவன். எஞ்சின் வடிவாகச் சூடாக முன்னமே நிப்பாட்டி விடுவேன். அதனால் படிந்ததாம். மண்ணெண்ணெயில் மூன்று தரம் ஊறவைத்துக் கழுவிப் பூட்டினதும் பொலித்தீன் உள்ளே குழிந்தது. பிஸ்ரன் றிங் தேய்ந்துபோயிருந்தாலும் அமுக்கம் கூடும் எண்டு, சிலிண்டருக்குள் அமுக்கம் நிற்கிறதோ எண்டு கொம்பிரஷனும் பார்த்தார். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. அதுக்குப் பிறகுதான் எஞ்சினையும் கியர்பொக்சையும் ஒன்றாக இறக்கினார், கொட்டிலின் பனை வளையில் செயின் புளொக் கட்டி.

பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆணித் தலைக்கு மேல் கனம் அப்படியே இருந்தது. தேயவே இல்லை. மேல் மட்டும் கறுத்து, கண்ணாடி மாதிரி மினுங்கியது. பிளேட் உராய்கிற பிளைவீலில் சூட்டால் வந்த நீலப் பொட்டுகள். ஒயில் குடித்த பிளேட்டைக் கழுவிப் போட ஏலாது எண்டார். பிளேட், அதை அமத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடலை அமத்த அந்தப் பிடியை விடுவிக்கிற காபன் பெயரிங் மூன்றும் இங்கிலாந்தில் இருந்து வர ஆறு கிழமை எடுத்தது. அதற்கிடையில் பிளைவீலை லேத்தில் முகம் எடுத்தோம். பிளேட்டை நடுவில் பிடிக்க ஒரு ஆப்பு வேணும். தச்சரிடம் முதிரையில் கடைந்து எடுத்தேன். அந்த ஆப்பு இல்லாவிட்டால் கியர்பொக்ஸ் சரியாகப் போய்ப் பொருந்தாது, பலவந்தம் பண்ணினால் புதுப் பிளேட்டின் நடு வளைந்துபோகும்.

பூட்டி முடிய முதல் சில நூறு கிலோமீற்றர் கிளச்சுக்கு நோகாமல் ஓடினேன். பிறகு ஒரு பின்னேரம் பண்ணைப் பாலத்தில் ஏறினேன். சோளகம் இன்னும் விடவில்லை. நாலாம் கியரில் அமத்த, இரண்டு முள்ளும் ஒன்றாக எழும்பின.

இப்போது வீட்டில் காரை விடுகிற இடத்தில் ஒரு மட்டை போட்டிருக்கிறேன். மூன்று மாதத்தில் ஒரே ஒரு பொட்டு, ஒரு ரூபாய்க் குத்தியளவு. “அந்தளவு உந்த எஞ்சின் விடும், பயப்பிடாதேங்கோ” எண்டார் அண்ணை. மாதம் ஒருக்கால் பொலித்தீன் வைத்துப் பார்க்கிறேன்.