மாட்டுக்கு வந்த நொண்டியும் அத்தைக்கு வந்த இடுப்புவலியும்

போன மாதம் பக்கத்து ஊர்த் தங்கச்சி ஒருத்தி போன் செய்து, "அக்கா, எங்க மாமியாருக்கும் உங்க அத்தைக்கு இருந்த மாதிரியே இருக்கு, எங்கெங்க போனீங்க, என்னென்ன டெஸ்ட் எடுத்தாங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. சரி, எழுதியே வைத்துவிடலாம், இன்னும் நாலு பேருக்கு ஆகும் என்று உட்கார்ந்திருக்கிறேன். குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகமாகி, எலும்பையும் பல்லையும் கெடுக்கும் ஃபுளோரோசிஸ் நோயைப் பற்றியது இது.

எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. வேப்பனப்பள்ளிக்கும் குப்பத்துக்கும் நடுவே, கொல்லையிலேயே, அதாவது எங்கள் நிலத்திலேயே, கொட்டாய் வீடு. கிழக்கே கடைசி வரப்பைத் தாண்டினால் ஆந்திரா. ஊர்த் தொட்டிக்கு ஒகேனக்கல் தண்ணீர் வந்தது, ஆனால் கொட்டாயில் இருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து தூக்கி வர வேண்டும், அதில் பிளீச்சிங் பவுடர் வாடை வேறு அடிக்கிறது என்று அத்தை அதைத் தொடவே மாட்டார். அந்தத் தண்ணீர் வருவதற்கு முன்பே, கிணறு வற்றிப்போய் 2008-ல் 850 அடிக்கு போர் போட்டிருந்தோம். போர்த் தண்ணீரைப் புகழாதவர்கள் கிடையாது. சோப்பு அப்படி நுரைக்கும், துவரம்பருப்பு சீக்கிரம் வெந்துவிடும், குடித்தால் இனிப்பாக இருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குக்கார அம்மாகூட குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தொட்டிக்குத்தான் வருவார். பதினாலு வருஷம் நாங்களும் மாடுகளும் அதையேதான் குடித்தோம்.

முதலில் தெரிந்தது மாட்டில். செவலை என்று ஒரு பசு, 2016-ல் இரண்டாம் ஈத்தில் வாங்கியது. 2021 மழைக்காலத்தில் நொண்ட ஆரம்பித்தது. ஒரு வாரம் வலது முன்னங்கால், அடுத்த வாரம் பின்னங்கால், இப்படி மாறி மாறி. கோமாரி மிச்சம் என்றார் ஒருவர். குளம்பு வளர்ந்துவிட்டது என்று வெட்டிவிட்டார் இன்னொருவர். ஊசி போடுகிறவர் ஒருவர் வந்து வலிக்கு ஊசி போட்டார், இரண்டு நாள் நன்றாக நடக்கும், மூன்றாம் நாள் பழையபடி. சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று நரம்பில் கால்சியம் பாட்டிலும் ஏற்றிப் பார்த்தோம். மொத்தத்தில் ஐந்தாறு மாதம் போயிற்று, பால் ஒன்பது லிட்டரில் இருந்து நாலுக்கு வந்தது.

அப்புறம் கவர்ன்மெண்ட் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். அவர் பார்த்த விதமே வேறு. வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் விடச் சொல்லி, செவலை குடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். மாடு வாயை அழுத்தி உறிஞ்சாமல் நாக்கால் நக்கி நக்கிக் குடித்தது. பல் கூசினால் இப்படித்தான் குடிக்கும் என்றார். அந்தக் கோணத்தில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அடுத்து முன்னங்காலில் முட்டிக்குக் கீழே இருக்கும் நீள எலும்பைக் கையால் வழித்துக்கொண்டே வந்தார். என் கையையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் எலும்பிலேயே மேடு மேடாக, புளியங்கொட்டையைத் துணிக்கு அடியில் வைத்த மாதிரி. விலா எலும்பிலும் இரண்டு இடத்தில் அதே மேடு. வீக்கம் என்றால் அமுங்கும், சூடாக இருக்கும், இது கல் மாதிரி இருந்தது.

பிறகு எங்கள் கொட்டாயிலேயே பிறந்து வளர்ந்த கிடாரியின் வாயைத் திறந்து பார்த்தார். கீழ்வரிசைப் பற்களில் பழுப்புக் கோடுகள், குழி குழியாகத் தேய்மானம். செவலையின் பற்கள் தேய்ந்திருந்தாலும் அந்தக் கோடு இல்லை. "செவலையை இங்க கொண்டு வரும்போதே பல்லெல்லாம் முளைச்சிடுச்சு, அதனால கோடு விழல, எலும்புல மட்டும் ஏறியிருக்கு. கிடாரிக்குப் பல் உருவாகும்போதே இந்தத் தண்ணி. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் விஷயம் புரியும்" என்றார். மாடுகளுக்குப் போடும் தாது உப்பு மூட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார், ஏனென்றால் சுத்திகரிக்காத ராக் பாஸ்பேட் என்ற பாறைத்தூள் கலந்த மலிவுத் தாது உப்பிலும் ஃபுளோரைடு அதிகம் இருக்குமாம். எங்களுடையதில் பெயரே ஒழுங்காக அச்சடிக்கவில்லை, அன்றைக்கே நிறுத்தினோம்.

கிளம்பும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "அக்கா, வீட்ல யாருக்காவது இடுப்பு, முட்டி பிடிச்சுக்குதா?"

நான் திண்ணையைப் பார்த்தேன். அத்தை உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கத் தூணைப் பிடித்துக்கொண்டு.

அவருக்கு அப்போது 61 வயது. மூன்று வருஷமாக இடுப்புவலி. தெலுங்குக்கார அம்மா வரும்போதெல்லாம் "நடுமு நொப்பியா அக்கா" என்று கேட்டு விளக்கெண்ணெய் தேய்த்துவிடுவார். டவுனில் ஒரு டாக்டர் முட்டி எக்ஸ்ரே மட்டும் எடுத்துத் தேய்மானம் என்றார், இன்னொருவர் வாதம் என்றார், வலி மாத்திரை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. இலவச முகாம் ஒன்றில் குதிகாலை மெஷினில் வைத்து எலும்பு அடர்த்தி பார்த்தார்கள், "இந்த வயசுல இவ்வளவு கெட்டியான எலும்பா" என்று பாராட்டி அனுப்பினார்கள். நாங்களும் சந்தோஷமாக வந்தோம். கெட்டியாக இருப்பதே நோயாக இருக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. இதை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

எனக்கு வேறொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. அத்தை ஒரு வருஷமாகத் தானே கொண்டை போட்டுக்கொள்வதில்லை. கை பிடரி வரை போகவில்லை, நான்தான் போட்டுவிடுவேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீரைப் பரிசோதிக்க டாக்டரம்மா சொன்ன முறையை அப்படியே எழுதுகிறேன். போரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டு, கழுத்து வரை பிடிக்க வேண்டும். கண்ணாடி பாட்டில் கூடாது, ஃபுளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். கிருஷ்ணகிரியில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தோம். லிட்டருக்கு 4.8 மில்லிகிராம் என்று வந்தது. இந்தியத் தர அளவு 1, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று பங்காளி வீட்டுத் திறந்த கிணற்றுத் தண்ணீரையும் கொடுத்திருந்தோம், அது 1.1. கருங்கல் பாறைக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும் ஆழத்துத் தண்ணீரில் பாறையில் இருக்கும் ஃபுளோரைடு கரைந்துவிடுகிறது, அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவாக இருந்தால் அது படியாமல் அப்படியே நிற்கிறது. சோப்பு நுரைத்ததற்கும் பருப்பு வெந்ததற்கும் காரணம் அந்தச் சுண்ணாம்புக் குறைவுதான்.

காகிதத்தையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு குப்பத்தில் ரயில் ஏறி காட்பாடியில் இறங்கி வேலூர் போனோம். பெரிய ஆஸ்பத்திரி, இரண்டு நாள் ஆயிற்று. எலும்பு டாக்டர் முதலில் மூன்று காரியம் செய்யச் சொன்னார்: முட்டியை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுவது, தாடையை நெஞ்சில் வைப்பது, இரண்டு கையையும் கோத்துத் தலைக்குப் பின்னால் கொண்டு போவது. அத்தைக்கு மூன்றுமே முடியவில்லை. தலைக்குப் பின்னால் கை போகாததைப் பார்த்ததும் எனக்குக் கொண்டை ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. தண்ணீர் ரிசல்ட்டையும் மாட்டுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, "மாட்டு டாக்டர் சரியான கேள்வி கேட்டிருக்காங்க" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

முட்டியை விட்டுவிட்டு இடுப்பு, முதுகு, முன்கை மூன்றையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்கை எதற்கு, அங்கே வலியே இல்லையே என்று கேட்டேன். படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு உண்டு, எக்ஸ்ரேயில் அது தெரியவே கூடாது, அத்தைக்கு அது சுண்ணாம்பு ஏறி வேலமுள் மாதிரி எலும்பு ஓரத்தில் துருத்திக்கொண்டு நின்றது. இந்த நோய்க்கு அது பெரிய அடையாளமாம். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் வெள்ளைவெளேர் என்று சாக்பீஸ் மாதிரி. ஃபுளோரைடு எலும்பில் சேர்ந்து அதைக் கனமாக்கும், ஆனால் உறுதியாக்காது, எளிதில் உடையும். தசைநார்களும் இறுகிப்போகும், உடம்பு மடங்காமல் போவது அதனால்தான்.

ஆனால் உடனே முடிவு சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிய வேறு காரணங்களும் உண்டு, சில புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும், சிறுநீரகம் கெட்டாலும் இப்படி ஆகலாம், அதெல்லாம் இல்லை என்று பார்த்துவிட வேண்டும் என்றார். ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ், பாராதைராய்டு ஹார்மோன், கிரியாட்டினின், வைட்டமின் டி, சிறுநீரில் ஃபுளோரைடு என்று பட்டியல் நீண்டது. செலவு கொஞ்சம் ஆயிற்று, ஆனால் ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தது. அது முக்கியம், உடம்பில் இருந்து ஃபுளோரைடு வெளியேறுவது பெரும்பாலும் அந்த வழியில்தான். சிறுநீரில் ஃபுளோரைடு 6.4. வைட்டமின் டி வெறும் 11, 20-க்கு மேல் இருக்க வேண்டியது. வெயிலிலேயே வேலை செய்கிறவருக்கு எப்படிக் குறையும் என்று கேட்டேன், சேலையும் முழுக்கைச் சட்டையும் போர்த்தி வேலை செய்தால் வெயில் எங்கே படும் என்று கேட்டார். ஆக வலி ஒரே காரணத்தால் வந்ததில்லை. ஃபுளோரைடு ஒரு பக்கம், வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையானது இன்னொரு பக்கம். இரண்டாவதை மருந்தால் சரிசெய்யலாம், முதலாவதற்கு மருந்து கிடையாது, தண்ணீரை மாற்றுவதுதான் வைத்தியம்.

இது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. இந்தியாவில் இந்த எலும்பு நோய் முதலில் பதிவானதே பழைய மெட்ராஸ் ராஜதானியில், நெல்லூர் ஜில்லாவில், 1937-ல். அங்கேயும் அதற்கு முன்பே உழவு மாடுகள் நடக்க முடியாமல் போவதை விவசாயிகள்தான் முதலில் கவனித்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் தண்ணீர் கொண்டுவந்ததே இந்த ஃபுளோரைடுக்காகத்தான். வாசலுக்கு ஒரு கிலோமீட்டர் பக்கத்தில் வந்த அந்தத் தண்ணீரை வாடைக்காக ஒதுக்கினோமே என்று அத்தை ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.

2022 ஆடியில் இருந்து தண்ணீரை மாற்றினோம். குடிக்க, சமைக்க ஊர்த் தொட்டித் தண்ணீர், வண்டியில் கேன் கட்டிக் கொண்டுவருகிறோம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும், இதைப் பலர் மாற்றி நினைக்கிறார்கள். கேண்டில் ஃபில்டரும் உதவாது. நடுவில் ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கினோம், அதில் கழியும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் மாட்டுத் தொட்டியில் விட்டேன், டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். குடிக்கும் தண்ணீரில் இருந்து எடுத்த ஃபுளோரைடு எல்லாம் அந்தக் கழிவில்தானே இருக்கிறது. மாடுகளுக்கு இப்போது பண்ணைக்குட்டையில் தேங்கும் மழைத்தண்ணீர்.

அத்தைக்கு வைட்டமின் டி, கால்சியம், தினம் பால், முருங்கைக்கீரை, நெல்லிக்காய். கறுப்பு உப்பையும் கடுந்தேநீரையும் நிறுத்தச் சொன்னார்கள். எட்டு மாதம் கழித்துச் சிறுநீரில் ஃபுளோரைடு 2.1 ஆகியிருந்தது. ராத்திரி வலி குறைந்தது, தூணைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறார். முன்கையின் முள் போகவில்லை, போகவும் போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கொண்டை இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன். செவலையின் மேடுகளும் அப்படியே இருக்கின்றன, நொண்டுவது குறைந்தது, விற்கவில்லை.

பெரியவன் 2011-ல் பிறந்தவன், அவன் முன்பற்களில் பழுப்புக் கோடு இருக்கிறது, பள்ளியில் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறான். பல் டாக்டர் மேலே பூச்சுப் பூசலாம், கொஞ்சம் வளரட்டும் என்றிருக்கிறார். சின்னவள் 2019. தண்ணீரை மாற்றியபோது அவளுக்கு மூன்று வயது. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயது, நுனிதான் முதலில் உருவாகும். இப்போது கீழ்வரிசையில் இரண்டு முன்பற்கள் முழுசாக வந்துவிட்டன. வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நுனியில் சுண்ணாம்பு தீற்றிய மாதிரி மங்கலான வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே ஈறு வரைக்கும் சுத்தமாக, வழுவழுப்பாக இருக்கிறது.