கெடிலக் கரையோடு ஒரு நாள்: திருவதிகையிலிருந்து கடலூர் வரை

பாண்டிச்சேரிக்கு இரண்டு நாள் லீவில் வருகிறவர்கள் மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, பீச் ரோட்டில் ஒரு நடை போய்விட்டு, அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். கடலூர் அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனால் சிதம்பரம் போகும் வழியில் டீ குடிக்க நிறுத்துகிற ஊராகத்தான் பலருக்கும் அது தெரியும். என்னைக் கேட்டால் ஒரு நாளைக் கெடிலம் ஆற்றுக்கென்று ஒதுக்குங்கள் என்பேன். மேற்கே பண்ருட்டியை ஒட்டித் திருவதிகை, நடுவில் திருவந்திபுரம், கடைசியில் கடலூருக்குள்ளேயே திருப்பாதிரிப்புலியூர். மூன்றும் ஒரே ஆற்றின் கரை. மொத்தமே 25 கிலோமீட்டர் சொச்சம்.

கடலூரில் தங்குகிறவர்கள் பக்கத்தில் இருப்பதை முதலில் முடித்துவிட்டு, கடைசியில் நேரம் இருந்தால் திருவதிகை என்று வைத்துக்கொள்கிறார்கள். அது வேண்டாம். காலையில் முதல் வேலையாகத் திருவதிகை போய், ஆறு ஓடுகிற திசையிலேயே கீழே இறங்கி வாருங்கள். நடை திறக்கும் நேரத்துக்கும் அதுதான் தோது. அதைவிடப் பெரிய காரணம் அப்பர்.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார்தான் பின்னாளில் அப்பர். அவர் சமணத்தில் சேர்ந்து தருமசேனராகப் பெயர் வாங்கியது பாடலிபுத்திரத்தில். அந்தப் பாடலிபுத்திரம்தான் இன்றைய திருப்பாதிரிப்புலியூர். 5ஆம் நூற்றாண்டிலேயே சமணர்கள் நூல்களைப் படியெடுத்துக்கொண்டிருந்த ஊர் அது. அங்கே இருக்கும்போதுதான் சூலை நோய் வந்து வயிற்றைப் பிடித்தது. அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். அக்காவோ, அந்தச் சமண மடத்துக்குள் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரி என்று தம்பியே வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்குக் கிளம்பிவிட்டார். அக்கா திருநீறு கொடுத்தார், சன்னதிக்கு அழைத்துப் போனார், அங்கே பாடிய முதல் பதிகத்தோடு வலி போனது. அப்புறம், சமணத்தை விட்டுவிட்டார் என்று பல்லவ மன்னன் சும்மா விடவில்லை. சுண்ணாம்பு நீற்றறையில் அடைத்தான், விஷம் கொடுத்தான், யானையை விட்டான், கடைசியில் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டான். கல் மிதந்து வந்து அவரைக் கரை சேர்த்த இடம் எது? அதே திருப்பாதிரிப்புலியூர். எந்த ஊரிலிருந்து வயிற்று வலியோடு கிளம்பினாரோ, அதே ஊரில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான் ஈசன். இதை மனசில் வைத்துக்கொண்டு போனால் இரண்டும் தனித்தனிக் கோயிலாகவே தெரியாது.

ரயிலில் வருகிறவர்களுக்கு இந்த வழி இன்னும் வசதி. விழுப்புரம் மயிலாடுதுறை பாதையில் பண்ருட்டி ஸ்டேஷன் முதலில் வரும், கடலூர் பிறகுதான். பண்ருட்டியில் இறங்கினால் ஷேர் ஆட்டோவிலோ டவுன் பஸ்ஸிலோ திருவதிகை கொஞ்ச தூரம். இன்னொரு விஷயம், கடலூருக்கு இரண்டு ஸ்டேஷன் உண்டு. கோயிலும் பஸ் ஸ்டாண்டும் இருப்பது திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம். கடலூர் துறைமுகம் சந்திப்பு என்பது ஓ.டி. என்று எல்லாரும் சொல்கிற பழைய ஊர்ப் பக்கம். டிக்கெட் எடுக்கும்போதே பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயில், சிவன் வீரச் செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் ஒன்று. திரிபுரத்தை எரித்த இடம். ஆயுதமே தேவைப்படாமல் சிரித்தே எரித்தார் என்பார்கள். கோபுர வாசலில் உள்ளே நுழையும்போது அவசரப்படாமல் இரண்டு பக்கச் சுவரையும் அண்ணாந்து பாருங்கள், கட்டம் கட்டமாக நாட்டியக் கரணச் சிற்பங்கள். உள்ளே மூலவர் பதினாறு பட்டை போட்ட பெரிய லிங்கம், தீபாராதனை வெளிச்சம் ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனியாக விழும்போது அர்ச்சகர் சொல்வது எதுவும் காதில் ஏறாது. நான் போயிருந்தபோது திலகவதியார் சன்னதி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன், பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "மொதல்ல அக்காவப் பாருப்பா, அப்புறம் தம்பிகிட்ட போ. அந்தம்மா இல்லன்னா அவரு ஏது?" என்று கை நீட்டிக் காட்டினார். அப்படித்தான் பார்த்தேன். அப்பருக்கு இருக்கும் கூட்டம் திலகவதியாருக்கு இல்லை என்பது எனக்கு ஒரு மனக்குறைதான். வயிற்று வலி, அல்சர் என்று வருகிறவர்கள் இன்றும் அந்த முதல் பதிகத்தை ஓலைச்சுவடி மாதிரி மடித்த தாளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படிக்கிறார்கள். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், அது வேறு விஷயம்.

அங்கிருந்து கடலூர் வர இரண்டு ரோடு. நெல்லிக்குப்பம் வழியாக வந்தால் பஸ் அதிகம், கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், கரும்பு டிராக்டர் பின்னால் மாட்டினால் ஊர்ந்துதான் வரவேண்டும். சொந்த வண்டி என்றால் பாலூர் வழியைப் பிடியுங்கள், நேராகத் திருவந்திபுரத்தில் கொண்டுவந்து விடும்.

திருவஹீந்திரபுரம் என்று திவ்யதேசப் பட்டியலில் இருக்கும், பஸ்ஸில் திருவந்திபுரம் என்று கேட்டால்தான் டிக்கெட் கிடைக்கும். தேவநாத சுவாமி, செங்கமலத் தாயார். திருமங்கையாழ்வார் பாடிய தலம், வேதாந்த தேசிகர் பல காலம் வாழ்ந்த ஊர். கெடிலத்துக்கு இங்கே ஒரு கதை இருக்கிறது. பெருமாளுக்குத் தாகம் எடுத்தது, கருடனிடமும் ஆதிசேஷனிடமும் தண்ணீர் கேட்டார். கருடன் தீர்த்தம் எடுக்கப் பறந்து போய்விட்டார். அவர் வர நேரமாகவே, ஆதிசேஷன் வாலால் தரையில் ஓங்கி அடித்துத் தண்ணீரை வரவழைத்துவிட்டார். அதுதான் சேஷ தீர்த்தம் என்கிற கிணறு. பாவம், கருடன் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தாரே, அது வீணாகப் போகலாமா? அதையும் பெருமாள் ஏற்றுக்கொண்டார், அது கருட நதியாகி ஓடுகிறது, அதுவே கெடிலம் என்பார்கள். லேட்டாக வந்தாலும் கணக்கில் வைத்துக்கொள்கிற பெருமாள். எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

சேஷ தீர்த்தத்தில் உப்பும் மிளகும் வெல்லமும் போட்டு வேண்டிக்கொள்வது இங்கே வழக்கம். வெளியே கடையில் சின்னச் சின்னப் பொட்டலமாகவே விற்கிறார்கள். ஒரு அம்மா பொட்டலத்தைப் பிரித்து முதலில் உப்பைப் போட்டார், அப்புறம் மிளகை ஒவ்வொன்றாக எண்ணுவது போலப் போட்டார், கடைசியாக வெல்லம். காகிதத்தை உதறாமல் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாதவர்கள் அந்த வேண்டுதலை இங்கே செலுத்தலாம் என்பது நம்பிக்கை, அதனால் மொட்டைத் தலைகளுக்குப் பஞ்சமே இருக்காது.

எதிரே ஔஷதகிரி. 74 படிதான், முட்டி வலிக்காரர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். மேலே ஹயக்ரீவர், கல்விக்குரிய குதிரை முகப் பெருமாள். தேசிகர் இங்கே தவம் இருந்து கருடனின் அருளால் ஹயக்ரீவ மந்திரம் பெற்றார் என்பது வரலாறு. மாசி, பங்குனியில் போனால் பப்ளிக் எக்ஸாம் பிள்ளைகள் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாக வரிசையில் நிற்பார்கள், பின்னால் ஏலக்காய் மாலையோடு அப்பா அம்மா. பிள்ளைகளைவிட அப்பாக்கள் முகத்தில்தான் பயம் அதிகம். வெயில் காலத்தில் பத்து மணிக்கு மேல் படிக்கல் சுடும், செருப்பு இல்லாமல் ஏறவேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மலையை முதலிலும் பெருமாளை அப்புறமும் பார்ப்பது புத்திசாலித்தனம்.

முக்கியமான எச்சரிக்கை, கிளம்புவதற்கு முன் காலண்டரில் முகூர்த்த நாளா என்று பாருங்கள். சுற்று வட்டாரத்துக் கல்யாணமெல்லாம் இங்கேதான், ஒரே நாளில் நூறு கல்யாணம் தாண்டுகிற முகூர்த்தமும் உண்டு. கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே ஆட்டோக்காரர், "இதுக்கு மேல வண்டி போகாது சார், பொண்ணு மாப்பிள்ளையே நடந்துதான் போறாங்க" என்று இறக்கிவிட்டுவிடுவார். புரட்டாசி சனிக்கிழமையும் அப்படித்தான். முகூர்த்த நாளில் கடலூர் லாட்ஜ்களில் ரூமும் கிடைக்காது, கல்யாண வீட்டார் முன்னாடியே பிடித்துவைத்திருப்பார்கள்.

12 மணி வாக்கில் நடை சாத்தினால் சாயங்காலம் 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் கடலூர் வந்து சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்துகொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி சைவ ஹோட்டல்கள் இருக்கின்றன, வாழை இலைச் சாப்பாடு, வயிற்றைக் கெடுக்காது. தங்குவதற்கும் என் ஓட்டு கடலூருக்குத்தான். பாண்டியில் சனி ஞாயிறு வந்தால் ரூம் வாடகை எகிறிவிடும், காலையில் ஆறு மணிக்குக் குளித்துக் கிளம்ப அந்த ஊர் தோதுப்படாது. எது எப்படியோ, ரூமை நேரில் பார்த்து, பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். போனில் பேசிப் பணம் அனுப்பி, போய்ப் பார்த்தால் வேறு ரூம் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர். பாதிரி மரம்தான் தலவிருட்சம், அம்பாள் பெரியநாயகி. தவமிருந்து ஈசனை அடைந்த தலம் என்பதால் கல்யாணம் கூடிவராதவர்கள் நிறைய வருவார்கள். ஆனால் நான் போவது அப்பருக்காக. கரையேறியதும் நேரே இங்கே வந்து, தன்னைப் பெற்ற தாயாகவும் தந்தையாகவும் கூடப் பிறந்தவராகவும் ஈசனை அவர் பாடியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் துணை நிற்பவன் என்ற பொருளில் தோன்றாத்துணைநாதர் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். கடலில் தனியாகக் கிடந்து வந்தவர் அப்படிப் பாடாமல் வேறு எப்படிப் பாடுவார்? அவர் கரையேறிய இடம் வண்டிப்பாளையம் பக்கம் இருக்கிறது, பெயரே கரையேறவிட்டகுப்பம். இன்று கடல் அங்கிருந்து தள்ளிப் போயிருக்கிறது. சித்திரையில் அப்பர் கரையேறும் விழா நடக்கும், அந்தச் சமயத்தில் வர முடிந்தால் விடாதீர்கள். மாசி மகம் என்றால் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போங்கள், சுற்றியுள்ள ஊர்களின் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்கும். மற்ற நாளில் அது சில்வர் பீச், சுண்டல் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

எந்த மாதம் வரலாம் என்றால், ஐப்பசி கார்த்திகையைத் தவிருங்கள். இந்தக் கரைக்குப் புயல் புதிது இல்லை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளையே சாய்த்துப்போட்டது, 2024இல் ஃபெஞ்சல் வந்தபோதும் ஊருக்குள் வெள்ளம். தை, மாசி அருமையான பருவம். தைப்பூசத்தை ஒட்டி வந்தால் வடலூரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏழு திரை விலக்கி ஜோதி தரிசனம், வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, போகிற யாருக்கும் சாப்பாடு உண்டு. அன்று கூட்டம் தாங்காது என்பவர்கள் மாதப் பூசத்துக்குப் போகலாம், ஆறு திரை விலக்குவார்கள்.

வெயிலைப் பொருட்படுத்தாதவர்கள் சித்திரை, வைகாசியில் வாருங்கள், பண்ருட்டியில் பலா சீசன். முழுப் பழத்தின் மேல் ஆசைப்பட்டால் காலையிலேயே வாங்கிச் சுமக்காதீர்கள், நாள் முழுக்க மூன்று கோயிலுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, கால் வலியோடு பஸ்ஸில் கண்டக்டரிடம் லக்கேஜ் சண்டையும் சேரும். சுளையாக வாங்கி வழியிலேயே தின்றுவிடுங்கள், வீட்டுக்கு முந்திரி போதும்.