வளைக்காமல் அனுப்புங்கள்

கோயம்புத்தூரில் எஸ்பிஎம், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே தனியாக வடிவமைக்கும் எந்திரங்கள், செய்கிற சிறிய கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை பார்க்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு எந்திரம், மிஞ்சினால் இரண்டு. அதே எந்திரத்தை மறுபடி செய்வது அபூர்வம். அதனால் எங்களுக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களும் நாலு, ஆறு, பத்து என்ற கணக்கிலேயே இருக்கும். பம்பும் கிரைண்டரும் மில் எந்திரமும் செய்கிற ஊரில் இருந்துகொண்டு, லேசரில் வெட்டிய தகட்டைச் சீனாவிலிருந்து வரவழைக்கிறீர்களா என்று கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்வி. கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் கட்டிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எம்எஸ் என்கிற சாதா இரும்பு, எஸ்எஸ் 304 என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் டிஎக்ஸ்எஃப் வரைபட ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறுநாளே போய் எடுத்துவந்துவிடலாம்.

சிக்கல் அலுமினியத்தில்தான். எங்கள் எந்திரங்களில் சென்சார் பிராக்கெட், சின்ன கவர், கேமரா தாங்கி எல்லாம் வளைத்துச் செய்கிற பாகங்கள். 6061-டி6 என்ற அலுமினிய ரகத் தகட்டை இறுக்கமான ரேடியஸில் வளைத்தால் வெளிப்பக்கம் விரிசல் விடும். வளைப்பதற்கு ஏற்றது 5052-எச்32 என்ற ரகம். அதைக் கேட்டால் பெரும்பாலான கடைகளில் ஒரே பதில்: "ஷீட்டு நீங்களே வாங்கிக் குடுத்துருங்க, வெட்டித் தந்தர்றோம்." எட்டடிக்கு நாலடி ஷீட்டில் எங்களுக்கு வேண்டியது ஒரு மூலை மட்டும். மீதியை எங்கே வைப்பது, யார் கணக்கில் எழுதுவது?

இணையத்தில் ஆர்டர் எடுக்கும் வெளிநாட்டுக் கடைகள் இந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கின்றன. ஃபைலை ஏற்றி, உலோகமும் கனமும் (தடிமனும்) தேர்ந்தெடுத்து, வளைவு வேண்டுமா, மேற்பரப்புக்குப் பாதுகாப்புப் பூச்சாக அனோடைஸ் வேண்டுமா என்று சொன்னால் திரையில் விலை வந்துவிடும். ஒரே ஒரு பாகம் என்றாலும் முகம் சுளிக்கமாட்டார்கள். பொடிப் பொடியான பல ஆர்டர்களை ஒரே ஷீட்டில் அடுக்கி வெட்டுவதால் அவர்களுக்குக் கட்டுபடியாகிறது. விலையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிடும். அப்புறம் கடைசிப் பக்கத்தில் கூரியர் கட்டணம் வரும். பாகங்களின் மொத்த விலையைவிட அது அதிகமாக இருப்பது சாதாரணம்.

கூரியர் கட்டணம் பர்ச்சேஸ் பிரிவின் தலைவலி என்றுதான் எல்லாக் கம்பெனியிலும் நினைக்கிறார்கள். டிராயிங்கில் அளவு, டாலரன்ஸ், மெட்டீரியல் போட்டுவிட்டால் டிசைனர் வேலை முடிந்தது. பெட்டி எப்படி வருகிறது, எவ்வளவு ஆகிறது என்பது வேறு மேசையின் பாடு. நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. கூரியர் செலவில் பெரும்பங்கு டிராயிங் போடும்போதே முடிவாகிவிடுகிறது. ஆர்டர் போடுகிறவர் அதற்குமேல் பேரம் பேசி இறக்கக்கூடியது சொற்பம்.

எப்படி என்று ஒரு பாகத்தை வைத்துப் பார்ப்போம். 40 செ.மீ. நீளம், 30 அகலம், 20 உயரத்தில் ஒரு கவர். ஐந்து பக்கம் மூடி, அடிப்பக்கம் திறந்தது. 1.5 மி.மீ. அலுமினியத்தில் இதன் எடை சுமார் 1.6 கிலோ. விமான வழிக் கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அதில் வருவது கன அளவு எடை. நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். கவரைச் சுற்றி ஃபோம் வைத்துக் கட்டினால் பெட்டி 44-க்கு 34-க்கு 24 ஆகும். கணக்குப் போட்டால் 7.2 கிலோ. அரைக்கிலோ படிகளில் மேல்நோக்கி முழுமையாக்குவதால் பில்லில் 7.5 கிலோ என்று வரும். ஒன்றரைக் கிலோ சொச்சம் அலுமினியத்துக்கு ஏழரைக் கிலோ கூலி. விமானத்தில் அந்தக் கவர் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு வாங்குகிறார்கள். அவர்கள் பக்கத்தில் அது நியாயம்தான்.

அதே கவரை வளைக்காமல் விரித்த தகடாக அனுப்பச் சொன்னால்? 80-க்கு 70 செ.மீ. அளவில் ஒரு பிளேட். பெட்டி 84-க்கு 74-க்கு 3. கன அளவு எடை 3.7 கிலோ, பில்லில் 4. கிட்டத்தட்ட பாதி குறைந்துவிட்டது. இன்னும் ஒரு படி மேலே போய், கவரை ஒரே தகட்டில் எடுக்காமல் ஒரு யு வடிவமும் இரண்டு பக்கத் தகடுமாகப் பிரித்துப் போட்டால் பெட்டி இன்னும் ஒடுங்கும். சேர்க்கிற இடத்தில் ரிவெட்டோ ஸ்க்ரூவோ வரும், அவ்வளவுதான். இந்த முடிவைப் பர்ச்சேஸ்காரர் எடுக்க முடியாது. வரைகிறவர்தான் எடுக்க வேண்டும்.

நாலைந்து தகட்டைச் சேர்த்து அனுப்பும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். தட்டைத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். பெட்டி கனக்குமே தவிர வீங்காது. முதல் அரைக்கிலோவுக்குத்தான் கூலி அதிகம், எடை ஏற ஏற கிலோவுக்கான கூலி இறங்கும் என்பதால், இரண்டு எந்திரத்துக்கான பாகங்களை ஒரே பெட்டியில் சேர்ப்பதும் லாபம். நீளம் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு பக்கம் ஒரு மீட்டரை ஒட்டிப் போகும்போது, அளவு மீறிய பெட்டி என்று தனிக் கட்டணம் உண்டா என அந்தக் கூரியரின் விதியைப் பார்த்துவிடுவேன்.

சரி, வளைக்காமல் வந்த தகட்டை இங்கே யார் வளைப்பது? தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் பிரேக் எந்திரம் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறைய. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தகட்டை வளைக்கும்போது வளைவில் அது கொஞ்சம் நீளும். எவ்வளவு நீளும் என்பது உலோகம், கனம், உள்பக்க ரேடியஸ், கீழே இருக்கும் டையின் (தகடு அழுந்தி வளையும் அச்சின்) வாய் அகலம் எல்லாவற்றையும் பொறுத்தது. வெட்டுகிறவரே வளைத்தால் அவர் டைக்கு ஏற்றபடி விரித்த அளவில் குறைக்க வேண்டிய கழிவை அவரே பார்த்துக்கொள்வார். வெட்டுவது ஓரிடம், வளைப்பது ஓரிடம் என்றால் அந்தக் கணக்கு டிசைனர் தலையில் விழும். பலர் பயந்து வளைத்தே வரவழைப்பதற்குக் காரணமும் இதுதான்.

நான் வழக்கமாகப் போகிற பெண்டிங் பட்டறை அண்ணன் இதை ஒரே பேச்சில் தீர்த்துவைத்தார். "தம்பி, ஷீட்டு எந்த ஊருதா இருக்கட்டும், டை நம்மளுது. கணக்கு நம்ம டைக்குத்தான் பாக்கோணும். ஒரு துண்டு குடுங்க, வளைச்சுக் காட்டறேன்." அதிலிருந்து வெளிநாட்டு ஆர்டர் எதுவானாலும், 100-க்கு 50 மி.மீ. அளவில் இரண்டு சோதனைத் துண்டுகளை அதே உலோகத்தில், அதே கனத்தில் சேர்த்துப் போட்டுவிடுகிறேன். 2 மி.மீ. அலுமினியத்தில் ஒரு துண்டு 27 கிராம்தான். பெட்டிக்குள் இருப்பதே தெரியாது. அண்ணன் அதை நடுவில் தொண்ணூறு டிகிரி வளைத்துக் கொடுப்பார். கோணம் சரியா என்று மூலை மட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னொரு தட்டு. பிறகு இரண்டு பக்கத்தின் வெளி அளவையும் வெர்னியரில் எடுத்துக் கூட்டுவேன். 103.5 என்று வந்தால், நூறு போக மிச்சமுள்ள 3.5 மி.மீ.தான் அந்த டையில் ஒரு வளைவுக்கான கழிவு. அந்த எண்ணைத் தகட்டின் கனத்தோடும் டையின் அளவோடும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம். அடுத்த ஆர்டருக்கு விரித்த அளவு போடும்போது நோட்டைப் பார்த்தால் போதும். வளைவுக் கணக்குக்குச் சாஃப்ட்வேர் தானாகப் போடுகிற கே-ஃபேக்டர் என்ற எண்ணைவிட நான் இந்த நோட்டைத்தான் நம்புகிறேன்.

அடுத்தது வரி. வெளிநாட்டுப் பொருள் என்றாலே வரியில் போய்விடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அவ்வளவு பயமில்லை. சுங்க மதிப்பு 10,000 ரூபாய், அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரி 1,000. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநல சர்சார்ஜ், 100. மொத்தம் 11,100-க்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி), 1,998. ஆக 3,098 ரூபாய். இதில் ஐஜிஎஸ்டி மட்டும், சுங்கத்தில் தாக்கல் செய்கிற பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணில் பதிவாகியிருந்தால் உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும். அவசரத்தில் யாரோ ஒருவருடைய ஆதாரைக் கொடுத்துத் தனிநபர் பெயரில் பெட்டியை விடுவித்தால் அந்தப் பணம் போனதுதான். கூரியர் கம்பெனி நமக்காக வரியை முன்கூட்டிக் கட்டிவிட்டு அதற்கென வாங்கும் கட்டணமும் திரும்பி வராத செலவு. பாகம் சின்னதாக இருக்கும்போது இந்தக் கட்டணம் உறுத்தும்.

விமானத்தில் வரும் சரக்குக்கு ஒரு சலுகை உண்டு. சிறு கம்பெனிகளில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. சுங்க மதிப்பில் பொருளின் விலையோடு போக்குவரத்துக் கூலியும் சேரும். ஆனால் 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி, விமானக் கூலி எவ்வளவு இருந்தாலும் பொருளின் எஃப்ஓபி விலையில் (விமானக் கூலி சேராத விலையில்) 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பில் சேர்க்கக்கூடாது. 4,000 ரூபாய்ப் பொருளுக்கு 5,000 கூலி கொடுத்திருந்தாலும் வரிக்கணக்கில் கூலியாக 800 மட்டுமே வரும். பொருளின் விலை தனி, கூலி தனி என்று இன்வாய்ஸில் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். பிரிக்காமல் ஒரே தொகையாக இருந்தால் முழுத் தொகைக்கும் வரி விழ இடமுண்டு. அதனால் ஆர்டர் குறிப்பிலேயே இதைக் கேட்டு எழுதிவிடுவேன். பொருள் விவரமும் அப்படித்தான். வெறும் உலோகப் பாகம் என்று இருந்தால் என்ன உலோகம், எதற்கு என்று கேள்வி வரும், பெட்டி நிற்கும். அலுமினியத் தகடு, லேசரில் வெட்டியது, எந்திரத்தில் பொருத்துவதற்கு என்று இருந்தால் படிக்கிறவருக்கும் வேலை சுலபம்.

மதிப்பைக் குறைத்துப் போட்டுத் தரட்டுமா என்று விற்பவரே கேட்பதுண்டு. வேண்டாம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. சட்டப்படி குற்றம் என்பது முதல் காரணம். திரும்பக் கிடைக்கிற ஐஜிஎஸ்டியைக் குறைப்பதற்காகக் கம்பெனியின் பெயரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவில் 800 டாலர் வரையுள்ள சரக்குக்கு வரியில்லாமல் இருந்தது. 2025 மே 2 முதல் சீனச் சரக்குக்கும், அதே ஆண்டு ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுச் சரக்குக்கும் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். வீட்டு கராஜில் உட்கார்ந்து எந்திரம் செய்கிறவர்கள் வரை இப்போது இந்தக் கணக்கைப் போட வேண்டியிருக்கிறது.

எனக்கு உண்மையான ஆதங்கம் நம் ஊர்க் கடைகள் மேல்தான். எந்திரம் இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது. ஆறு பிராக்கெட்டுக்கு விலை கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. சின்ன ஆர்டருக்குக் கோட்டேஷன் போடும் நேரத்தில் பெரிய ஆர்டரை வெட்டிவிடலாம் என்பது அவர்கள் நிலைமை. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கடலுக்கு அப்பாலிருந்து வருகிற பெட்டியில் நாங்கள் கொடுக்கும் கூரியர் பணத்தில் பாதியை இங்கேயே கூடுதல் விலையாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். இதை ஒரு கட்டிங் கடைக்காரரிடம் உட்கார்ந்து விளக்கமாகப் பேசினேன். குறைந்தபட்ச ஆர்டர் தொகை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பேரம் பேசமாட்டோம் என்று சொன்னேன். இன்னொன்றும் கேட்டேன்: மற்றவர்கள் வேலையில் மிஞ்சுகிற துண்டுத் தகடுகளில் உங்களுக்குச் சொந்தமானது என்னென்ன இருக்கிறது என்று எழுதி அனுப்ப முடியுமா?

"அதென்னங்க பெரிய விசயம், ரேக்கப் போட்டோ எடுத்துப் போட்டுர்றேன்" என்றார். இப்போது சனிக்கிழமைகளில் ரேக்கின் படம் வருகிறது. ஒவ்வொரு துண்டின் மேலும் மார்க்கரில் கனமும் கிரேடும் எழுதியிருக்கும். 5052-இல் 2 மி.மீ., 3 மி.மீ. துண்டுகள் அதில் அடிக்கடி தென்படுகின்றன. டிராயிங் தொடங்குவதற்கு முன் அந்தப் படத்தைப் பார்த்து, பிராக்கெட்டின் கனத்தை 2.5 என்று போடாமல் 3 என்று மாற்றிக்கொள்கிறோம். 0.5 மி.மீ. ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு), 1.5 மி.மீ. கவர் போல அங்கே கிடைக்காதவை மட்டும் சேர்ந்து ஒரு பெட்டிக்கு ஆகும்வரை காத்திருக்கின்றன.