அசிட்டாபுலம் முறிவை மாடல் வைத்துப் படிப்பது எப்படி? ஆர்த்தோ பிஜி தம்பி, தங்கைகளுக்கு

எம்.எஸ். ஆர்த்தோ முதல் வருடத்தில் அசிட்டாபுலம், அதாவது தொடை எலும்பின் தலை உட்காரும் இடுப்பெலும்புக் கிண்ணம், முறிந்த கேஸ் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஜூடே சகோதரர்களும் லெட்டூர்னெலும் 1964-இல் வெளியிட்ட வகைப்பாடு மனப்பாடம். எளிய வகை 5, கலப்பு வகை 5, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். ஆனால் வியூ பாக்ஸில் ஒரு எக்ஸ்ரேயை மாட்டி "இது எது?" என்று கேட்டால் வாயடைத்துப் போவேன். இடுப்பெலும்பு முறுக்கிய வடிவம். படத்தில் தட்டையாகத் தெரியும் கோடு எலும்பில் எந்த இடம் என்று மனத்தில் திருப்பிப் பார்க்க வரவில்லை.

இரண்டாம் வருடத்தில் எங்கள் யூனிட்டில் நோயாளியின் சி.டி.யிலிருந்து முப்பரிமாண மாடல் அச்சிட ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது இரு தூண் முறிவு; கிண்ணத்தைத் தாங்கும் முன் தூண், பின் தூண் இரண்டும் முறிந்த வகை. முதுகெலும்பின் அடிப்பகுதியோடு இடுப்பெலும்பு சேரும் சாக்ரோ இலியாக் மூட்டில் விரலை வைத்து, இடுப்பெலும்பின் அகன்ற மேல்பகுதியான இலியத்தின் மேல் அப்படியே கீழே இழுத்துக்கொண்டு வந்தேன். எலும்பு கூரான முனையோடு நின்றுபோனது. அதற்குக் கீழே கிண்ணம் இல்லை; கிண்ணத்தின் துண்டுகள் எல்லாம் உள்பக்கம் தள்ளித் தனியே கிடந்தன. முறிந்த பக்கத்தைத் தூக்கி 45 டிகிரி சாய்த்து எடுக்கும் ஆப்டுரேட்டர் சாய்வு எக்ஸ்ரேயில் தேடித் தேடிப் பார்த்த 'ஸ்பர் சைன்' அந்த முனைதான். மூட்டுப் பரப்பில் எதுவும் முதுகெலும்புப் பக்கத்தோடு ஒட்டியில்லை என்று புத்தகத்தில் பலமுறை படித்த வரி அன்றுதான் புரிந்தது. குறுக்கு முறிவோடு கீழ்நோக்கி ஒரு பிளவும் சேரும் டி வகையில் கூரையின் ஒரு பகுதி இலியத்தோடு ஒட்டியிருக்கும் என்ற வித்தியாசமும் கூடவே புரிந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த கேஸுக்கு நேராக மாடலைக் கையில் எடுத்தேன். எங்கள் சீனியர் அண்ணன் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "முதல்ல எக்ஸ்ரேயைப் பார்த்து எழுதிக் கொடுடா. அப்புறம் மாடல்." அப்போது வருத்தமாக இருந்தது. இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதும் அந்த ஒரு விஷயத்தைத்தான். மாடல் உங்கள் திட்டத்தைச் சோதிக்கும் இடமாக இருக்க வேண்டும். மாடலைப் பார்த்துத் திட்டம் போடப் பழகினால் எக்ஸ்ரே படிக்கும் கண் வளரவே வளராது. இரவு இரண்டு மணிக்கு கேஷுவாலிட்டியிலும் சரி, தேர்வு ஹாலிலும் சரி, உங்கள் கையில் மாடல் இருக்காது.

நான் பின்பற்றிய வரிசை இது. நேர் படம், இரண்டு ஜூடே சாய்வுப் படங்கள் (ஆப்டுரேட்டர் சாய்வு, இலியக் சாய்வு), மூன்றையும் மாட்டி, கிண்ணத்தின் ஓரங்கள், கூரை, தூண்களைக் காட்டும் ஆறு கோடுகளையும் பென்சிலால் ஓட்டுவேன். எந்தக் கோடு அறுந்திருக்கிறதோ அதை உலர்ந்த இடுப்பெலும்பின் மேல் சாக்பீஸால் வரைவேன். எம்.பி.பி.எஸ். முதல் வருடத்தில் வாங்கிய போன் செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இதற்கு வேண்டும். பிறகு சி.டி. அதன்பின் ஒரு தாளில் முறிவின் வகை, நோயாளியைக் கிடத்தும் நிலை, எந்த வழியாகத் திறப்பது, எந்தத் துண்டை முதலில் பொருத்துவது, பிளேட் எங்கே, ஸ்க்ரூ எந்தத் திசையில் என்று எழுதித் தேதி போட்டு அண்ணனிடம் கொடுப்பேன். அப்புறம்தான் அலமாரிச் சாவி கிடைக்கும்.

மாடலை நீங்களே தயாரிக்கப் பழகுங்கள். த்ரீடி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள் போதும். சி.டி. வெட்டு 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான தடிமனில் இருக்க வேண்டும். மூட்டு இடைவெளி குறுகலானது என்பதால் தொடை எலும்பின் தலை கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கையால் பிரித்து நீக்கினால்தான் கிண்ணத்தின் உள்ளே பார்க்க முடியும். வயதானவர்களுக்கு இலியத்தின் மெல்லிய பகுதி ஓட்டையாகத் தெரியும். அதை முறிவு என்று எண்ணிவிடாதீர்கள், எலும்பு என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும் அடர்த்தி எல்லையான த்ரெஷோல்டைக் குறைத்துப் பாருங்கள்.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். படத்தைச் சுத்தம் செய்யும்போது மிகப் பெரிய தொடர்துண்டை மட்டும் வைத்துக்கொள்ளும் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். அச்சிட்ட மாடலில் பின்சுவர்த் துண்டு இரண்டுதான். அதை நம்பித் திட்டம் எழுதினேன். மறுநாள் காலை எங்கள் சார் சி.டி.யை ஒவ்வொரு வெட்டாக உருட்டி மூன்றாவது துண்டைக் காட்டினார், நகத்தளவு இருக்கும். எதனோடும் ஒட்டாமல் இருந்ததால் மென்பொருள் அதை அழுக்கு என்று கழித்துவிட்டது. அது மூட்டுக்குள் சிக்கியிருந்த துண்டு. எடுக்காமல் விட்டிருந்தால் தொடைத் தலையின் குருத்தெலும்பை அரைத்தே தீர்த்திருக்கும். அன்றிலிருந்து மாடலைக் கையில் வைத்துக்கொண்டு சி.டி.யில் துண்டுகளை எண்ணாமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. வெர்னியரால் ஓர் அளவு எடுத்து, அச்சு உண்மை அளவில்தான் வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மாடல் இன்னொரு விதத்திலும் நம்மை ஏமாற்றும். அதில் தசை இல்லை, நரம்பு இல்லை, எல்லாப் பக்கமும் கை போகும். தியேட்டரில் அப்படியா இருக்கிறது? அதனால் நான் மாடலைப் பழைய பச்சைத் துணியால் சுற்றி, இடுப்பின் பின்பக்கமாகத் திறக்கும் கோக்கர் லாங்கன்பெக் வழியில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்கு மட்டும் ஜன்னல் வெட்டுவேன். பிரிஃபார்மிஸ் தசைக்குச் சிவப்புத் துணிப் பட்டை. இடுப்பெலும்பின் பின்பக்கப் பள்ளமான பெரிய சயாட்டிக் நாட்ச் வழியாக மஞ்சள் நூல்கண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் சயாட்டிக் நரம்பு. பிளேட் வைக்கும்போது அந்த நூல் இழுபட்டால் நிறுத்திவிடுவேன். நரம்பு தளர்ந்திருக்க இடுப்பை நீட்டி முழங்காலை மடக்கி வைக்க வேண்டும் என்று ஏன் அடித்துச் சொல்கிறார்கள் என்பது அந்த நூலைப் பார்த்தால் மறக்காது.

பிளேட் வளைப்பதற்கு முறியாத பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடுங்கள். 3.5 மி.மீ. ரீகன்ஸ்ட்ரக்ஷன் பிளேட்டை அதன்மேல் முந்தின நாளே வளைத்துக்கொள்ளலாம். முன்னும் பின்னுமாக வளைத்து வளைத்துத் திருத்தாதீர்கள், உலோகம் பலம் இழந்துவிடும். வளைத்த பிளேட்தான் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போகும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் மாடலை 121 டிகிரியில் வைத்தால் இளகிக் குழைந்துவிடும், அது 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும் பொருள்.

மாடலில் டிரில் பண்ணியும் பாருங்கள். 2.5 மி.மீ. பிட்டை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள், வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் சுற்றிக்கொள்ளும். பின்சுவரின் நடுவில் நான் போட்ட முதல் ஸ்க்ரூ வெளியிலிருந்து பார்க்க அழகாக உட்கார்ந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் கிண்ணத்துக்குள் முனை பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தது. தியேட்டரில் கிண்ணத்தைத் திருப்பிப் பார்க்க வழியில்லை. அங்கே சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவிதான் கண். ஏதாவது ஒரு கோணத்திலாவது ஸ்க்ரூ மூட்டுக்கு வெளியே முழுதாகத் தெரிந்தால் அது வெளியேதான் இருக்கிறது. இந்த விதியை மாடலை சி-ஆர்ம் கீழே வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பழகினேன், யூனிட்டில் கேட்டால் ஓய்வு நேரத்தில் அனுமதிப்பார்கள்.

தேர்வைப் பற்றிக் கொஞ்சம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இடுப்பெலும்பைக் கொடுத்தால் பதற்றத்தில் வலதா, இடதா என்று பக்கம் சொல்வதிலேயே நேரத்தைக் கழிக்காதீர்கள். முன் மேல் இலியக் கூர்முனையும் முன்புறம் கீழே உள்ள பியூபிக் டியூபர்கிள் முடிச்சும் ஒரே செங்குத்துத் தளத்தில் வரும்படி பிடித்துவிட்டு, இரண்டு தூண்களையும் விரலால் தடவிக் காட்டியபடி பேசுங்கள். என்னிடம் பின்சுவர் முறிவு எந்தப் படத்தில் நன்றாகத் தெரியும் என்று கேட்டார்கள். ஆப்டுரேட்டர் சாய்வு என்று சொல்லி, எலும்பை 45 டிகிரி சாய்த்தும் காட்டினேன். மாடல்களோடு கழித்த மாலைகள் அந்த இடத்தில் கை கொடுத்தன.

கல்லூரியில் பிரிண்டர் இல்லையென்றால் வெளியே அச்சிடும் கடைகள் இருக்கின்றன. மாடலின் வடிவத்தை வைத்திருக்கும் எஸ்.டி.எல். கோப்பை மட்டும் கொடுங்கள். சி.டி.யின் மூலப் படமான டைகாம் கோப்பில் நோயாளியின் பெயர், வயது எல்லாம் இருக்கும், அது ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகக் கூடாது. நோயாளியிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மாடலைக் காட்டி விளக்கினால் அவர்களுக்கும் ஆபரேஷன் என்னவென்று புரிகிறது.

ஆபரேஷன் முடிந்ததும் பலர் மாடலை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் மிகுந்த வருத்தம். பின்னால் எடுத்த சி.டி.யையும் உங்கள் திட்டத் தாளையும் பக்கத்தில் வைத்து, மிச்சமிருக்கும் விலகல் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். துண்டுகள் எவ்வளவு சரியாகப் பொருந்தின என்று பார்க்கும் மட்டா அளவுகோலில் எக்ஸ்ரேயில் 1 மி.மீ.க்குள் இருந்தால் சீரான பொருத்தம், 2 முதல் 3 வரை குறையுள்ளது, 3-க்கு மேல் போனால் மோசம். திட்டத்தில் எழுதிய எந்த வரி நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று சிவப்பு மையில் குறியுங்கள். பிறகு தாளை மடித்து மாடலோடு ரப்பர் பேண்ட் போட்டு, பெயர் இல்லாமல் வலது, இடது, வகை என்று மட்டும் எழுதி அலமாரியில் வையுங்கள். அடுத்த பேட்ச் தங்கை அதை எடுக்கும்போது தாளை அவளிடம் கடைசியில் கொடுங்கள்.