ஐந்து இழைகளை ஒன்றாக்குதல்

என் சொந்த இணையதளத்தில் கோலத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றி ஒரு சிக்குக் கோலம் போடப்பட்டிருக்கும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தை விரலால் தொட்டால், சிக்கு அவிழ்ந்து இரு கம்பிகளும் தத்தம் புள்ளியை ஒட்டியே திரும்பிக்கொள்ளும்; மறுபடி தொட்டால் பழையபடி வெட்டிக்கொள்ளும். கோலத்தின் கீழே, அது மொத்தம் எத்தனை தனித்தனி இழைகளால் ஆனது என்பதைச் சொல்லும் எண் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இதைத் தவிர வேறு எதுவும் இல்லை. நிரல் எழுதுவது எனக்குப் பிழைப்பு அல்ல, பொழுதுபோக்கு. ஆகவே யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய அவசியமின்றி, இந்தச் சின்ன விஷயத்தோடு வேண்டிய மட்டும் மல்லுக்கட்ட முடிந்தது.

முதலில் கோலத்தைக் கணினிக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்ற கேள்வி. கம்பி வளைந்து நெளிந்து போகும் பாதையை அப்படியே எழுதி வைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு புள்ளியையும் நான்கு கால்வட்டங்கள் சூழ்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால் போதும். 25 புள்ளிகளுக்கு 100 கால்வட்டங்கள் ஆகின்றன. ஒரு கால்வட்டத்தின் முனைக்கு வந்து சேரும் கம்பிக்கு இரண்டே வழிகள்தான் உள்ளன: அதே புள்ளியைச் சுற்றித் தொடர்வது, அல்லது அடுத்த புள்ளியின் பக்கம் தாண்டுவது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையில் இப்படி முடிவெடுக்க வேண்டிய இடங்கள் 40 இருக்கின்றன. நாற்பது ஆம், இல்லைகள் சேர்ந்ததே ஒரு கோலம். இந்த ஐந்துக்கு ஐந்து புள்ளிகளில் மட்டுமே ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது இதிலிருந்து தெரிகிறது; அவற்றில் வாசலில் போடும்படியாக இருப்பவை மிகச் சிலவே என்பது வேறு விஷயம்.

இழைகளை எண்ணுவதும் இதே அமைப்பிலிருந்து கிடைக்கிறது. இன்னும் தொடாத ஒரு கால்வட்டத்திலிருந்து கிளம்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். வந்து சேர்ந்ததும் ஓர் இழை. நூறும் தீரும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். எல்லா இடத்திலும் கம்பி திரும்பிக்கொண்டால் 25 தனி வளையங்கள் கிடைக்கும். எல்லா இடத்திலும் வெட்டிக்கொண்டால் ஐந்து இழைகள் கிடைக்கும். இந்த ஐந்து தற்செயலாக வந்ததல்ல: செவ்வகமாக வைத்த நேர்ப்புள்ளிகளில் கம்பிகள் எல்லா இடத்திலும் வெட்டிக்கொண்டால், இழைகளின் எண்ணிக்கை இரு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக் காரணியாகவே இருக்கும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு இழைகள். ஐந்துக்கு ஏழு வைத்தால் கையை எடுக்காமல் ஒரே இழையில் முடித்துவிடலாம். பள்ளியில் மீப்பெரு பொதுக் காரணியை வகுத்து வகுத்துக் கண்டுபிடித்த காலத்தில் இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

கோலத்தையும் கணினியியலையும் சேர்த்துப் பார்த்த முதல் ஆள் நான் அல்லன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோல வடிவங்களை உருவாக்கும் இலக்கண விதிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 1974இலேயே வெளியிட்டுவிட்டார்கள். வாக்கியங்களுக்கு இலக்கணம் இருப்பது போலப் படங்களுக்கும் இருக்க முடியும் என்ற ஆய்வுத் துறையில், வாசற்படிக் கோலம் ஒரு முறையான எடுத்துக்காட்டாக நுழைந்தது அப்படித்தான்.

உலாவியில் படம் வரைவதற்குக் கேன்வாஸ், எஸ்விஜி என்று இரண்டு வழிகள் இருந்தன. கேன்வாஸில் வரைந்தது வரைந்ததுதான். வரைந்த பிறகு அது வெறும் நிறப்புள்ளிகளின் கூட்டம், எந்தக் கம்பியைத் தொட்டார்கள் என்று நாமே கணக்குப் போட வேண்டும். எஸ்விஜியில் ஒவ்வொரு கம்பியும் தனி உறுப்பாக நிற்பதால், தொட்டது எதுவென்று உலாவியே சொல்லிவிடுகிறது. ஆயிரக்கணக்கில் துகள்கள் பறக்கும் காட்சியாக இருந்தால் கேன்வாஸைத்தான் எடுத்திருப்பேன். நூறு கால்வட்டங்களுக்கு எஸ்விஜி தாராளம்.

தொடுவதில்தான் நுணுக்கங்கள் தொடங்கின. கம்பி மெல்லியது, விரல் பெரியது. ஆகவே ஒவ்வொரு வெட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டத்தை வைத்திருக்கிறேன். தொடலை வாங்கிக்கொள்வது அதுதான். இந்த வட்டத்துக்கு நிறமே இல்லை என்று எழுதினால் எஸ்விஜி அதைத் தொடும் பொருளாகவே கருதாது. ஒளிபுகும் நிறம் என்று எழுதினால் கருதும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், நடத்தையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் இணையத்தைப் பயன்படுத்த வழிசொல்லும் அணுகல்தன்மை நெறிமுறைகளின், 2023இல் வெளியான 2.2ஆம் பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. கைப்பேசியின் அகலத்தில் ஐந்து புள்ளிகள் வரை அதற்குச் சிரமமே இல்லை. பதினைந்து புள்ளிக் கோலம் வைக்க ஆசைப்பட்டால் அங்கே இடிக்கும்.

இந்த அளவில் அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். வெட்டுகளைத் தொட்டுத் தொட்டுத் திருப்புவார் என்று நான் நினைத்திருக்க, அவர் ஒரு புள்ளிக்கு அருகில் விரலை வைத்து, மாவை இழைப்பது போல அப்படியே இழுத்துக்கொண்டு போனார். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. "என்னடா இது, கை போற வழிக்கு வரமாட்டேங்குது?" என்றார். கோலம் போடுபவருக்குக் கம்பி என்பது போகும் பாதை. நாற்பது பொத்தான்கள் என்று அதைப் பார்ப்பது நிரல் எழுதுபவனுக்கு மட்டுமே தோன்றும் கோணம். இழுத்துப் போடும் வழியையும் சேர்த்துவிடலாம் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

அந்த இழுவைதான் இந்தப் பக்கத்திலேயே அதிக வேலை வாங்கியது. சுட்டியானாலும் விரலானாலும் பேனாவானாலும் ஒரே மாதிரி நிகழ்வுகளாகக் கொடுக்கும் பாயிண்டர் ஈவன்ட்ஸ் இப்போது எல்லா உலாவிகளிலும் இருக்கிறது. ஆனால் விரலுக்கு அதில் ஒரு தனி வழக்கம் உண்டு. விரல் எந்த உறுப்பின் மேல் முதலில் இறங்கியதோ, அது எழும் வரை எல்லா நிகழ்வுகளும் அந்த உறுப்புக்கே போய்ச் சேரும். விரல் மூன்று புள்ளிகளைத் தாண்டிப் போயிருந்தாலும், முதல் வட்டம் மட்டுமே அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டிருக்கும். சுட்டியை வைத்து மேசைக்கணினியில் சோதித்தால் இது தெரியவே தெரியாது. ஆகையால் நிகழ்வு யாருக்கு வந்தது என்பதை நம்பாமல், விரல் நிற்கும் ஆயத்தொலைவுகளை எடுத்து, அது எந்த இரு புள்ளிகளின் நடுவைத் தாண்டுகிறது என்று நானே கணக்கிடுகிறேன். வேகமாக இழுப்பவர்களின் விரல் ஒரு நிகழ்வுக்கும் அடுத்த நிகழ்வுக்கும் இடையில் ஒரு புள்ளியையே தாண்டிவிடக்கூடும் என்பதால், அந்த இடைவெளியையும் சிறு துண்டுகளாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இழுக்கும்போது விரல் கடக்கும் இடத்தில் கம்பி எப்போதும் வெட்டிக்கொள்ளும். அதே வழியில் திரும்பி வந்தாலும் அவிழாது. அவிழ்க்க வேண்டுமென்றால் தொட வேண்டும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கோலத்தின் மேல் விரல் நகர்வதைப் பக்கத்தை உருட்டுவதாக உலாவி எடுத்துக்கொள்ளாமல் இருக்க, டச்-ஆக்‌ஷன் என்ற சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) பண்பை ‘none’, அதாவது ‘எதுவும் வேண்டாம்’ என்று வைக்க வேண்டும். வைத்தால், கோலத்தின் மேல் விரல் வைத்துப் பக்கத்தை நகர்த்த முடியாது. கோலம் திரை முழுதும் நிறைந்திருந்தால் வாசகர் அங்கேயே மாட்டிக்கொள்வார். இருபுறமும் விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருப்பது அழகுக்காக அல்ல.

விசைப்பலகைக்கும் வழி உண்டு. நாற்பது வெட்டுகளையும் டேப் விசையால் ஒவ்வொன்றாகக் கடக்க வைப்பது கொடுமை என்பதால், கோலம் முழுவதற்கும் ஒரே நிறுத்தம். உள்ளே அம்புக்குறிகளால் நகரலாம். எண்ணிக்கை மாறும்போது, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதை நிதானமாக அறிவிக்கும்படியும் செய்திருக்கிறேன்.

போட்ட கோலத்தைப் பிறருக்கு அனுப்ப வேண்டுமென்றால் சர்வர், தரவுத்தளம், பயனர் கணக்கு என்று இறங்கத் தேவையில்லை. நாற்பது ஆம், இல்லைகளைப் நான்கு நான்காகச் சேர்த்து ஓர் எழுத்தாக்கும் பதினாறடிமான எண்ணாக எழுதினால் சரியாகப் பத்து எழுத்துகள். அவற்றை முகவரியின் இறுதியில் ஹேஷ் (#) குறிக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் கோலமே முகவரியாகிவிடுகிறது. உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண பிட் செயல்கள் 32 பிட்டோடு (அதாவது 32 ஆம், இல்லைகளோடு) நின்றுவிடுவதால், இங்கே அதைவிடப் பெரிய எண்களையும் தாங்கும் பிக்இன்ட் வகை எண் தேவைப்படுகிறது. ஒவ்வொரு தொடலுக்கும் உலாவியின் வரலாற்றில் புதுப் பதிவு ஏறாமல், இருக்கும் பதிவையே மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். பின்னால் போகும் பொத்தானை நாற்பது முறை அழுத்த வைத்தால் யாரும் மறுபடி வர மாட்டார்கள். ஹேஷ் குறிக்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போகவே போகாது என்பதால், அரட்டைச் செயலிகளில் இணைப்பைப் பகிரும்போது தெரியும் முன்னோட்டப் படம் மட்டும் எல்லாக் கோலத்துக்கும் ஒன்றாகவே இருக்கும். அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

கோலத்தைத் தானாகவே ஒரே இழையாக்கும் பொத்தான் ஒன்று வைக்கலாமா என்பதுதான் நான் நெடுநாள் யோசித்த விஷயம். நிரல் எழுதுவது எளிது. இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தை அவிழ்த்தால் அவை கட்டாயம் ஒன்றாகிவிடும். ஓர் இழை தன்னைத் தானே வெட்டும் இடத்தை அவிழ்த்தால் இரண்டாகப் பிரியலாம், பிரியாமலும் இருக்கலாம். எனவே ஐந்து இழைகளை ஒன்றாக்க, சரியான நான்கு இடங்களை அவிழ்த்தால் போதும். ஆனால் அப்படிக் கணினி போட்டுத் தந்தது கோலமாக இல்லை. ஒரு மூலையில் நெருக்கியும் எதிர் மூலையில் ஒன்றுமே மாறாமலும் கோணல்மாணலாக நின்றது. நாற்புறமும் ஒத்திருக்க வேண்டும் என்று விதித்தாலோ கணக்கு வேறாகிவிடுகிறது: ஓர் இடத்தை அவிழ்க்கும்போது, கோலத்தைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினால் அது போய் விழும் மற்ற மூன்று இடங்களையும் சேர்த்து அவிழ்க்க வேண்டும், அப்படி அவிழ்க்கும் நான்கு இடங்களும் சேர்ந்து ஐந்து இழைகளையும் ஒருபோதும் தொடுவதில்லை. குறைந்தது ஓர் இழை தனியே தப்பித்துக்கொள்ளும். குறைந்தபட்சம் எட்டு இடங்களாவது வேண்டும். எந்த எட்டு என்று தேடுவதில்தான் சுவாரசியமே இருக்கிறது. அந்தச் சுவாரசியத்தை ஒரு பொத்தானிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. பொத்தானுக்குப் பதிலாக இரண்டு சிறு உதவிகளை வைத்திருக்கிறேன்: ஒரு கம்பியின் மேல் சற்று நேரம் விரலை வைத்திருந்தால் அந்த இழை முழுவதும் தடித்துத் தெரியும், நாற்புறமும் சேர்த்துத் திருப்பும் முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் ஒரு தொடலுக்கு நான்கு இடங்கள் மாறும்.

இழைகளின் எண்ணிக்கை ஒன்றாகக் குறைந்ததும், கோலம் ஒருமுறை அழிந்து, ஒரே கம்பியாக முதலிலிருந்து கடைசி வரை மீண்டும் வரையப்படும். பாதையின் நீளத்தை ஒன்று என்று எஸ்விஜியிடம் அறிவித்துவிட்டு, கோட்டின் இடைவெளியை மெல்ல நகர்த்தினாலே இந்தக் காட்சி கிடைத்துவிடுகிறது. அசைவு வேண்டாம் என்று தம் கருவியில் அமைத்திருப்பவர்களுக்கு முழுக் கோலமும் சட்டென்று தோன்றும். இந்தப் பக்கத்தில் நான் சேர்த்த ஒரே அலங்காரம் இதுதான்.

அடுத்தது இடைப்புள்ளி, அதாவது ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி வரும்படி வைப்பது. ஒவ்வொரு புள்ளிக்கும் அண்டைப்புள்ளிகள் நான்கிலிருந்து ஆறாகும், கால்வட்டங்கள் ஆறில் ஒரு பங்கு வில்களாகும். கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும் நிரலில் ஒரு வரியும் மாறாது. யாருக்கு யார் அண்டை என்ற பட்டியல் மட்டும் புதிதாக எழுதப்பட வேண்டும். அம்மா மார்கழிக்குள் வேண்டும் என்கிறார்.